உயர்த்திய ஜீப்பும் பட்டைக் கோளாறுகளும்: வாசகர் கேள்வி–பதில்

இம்மாதம் வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை ஒரே செய்தியைத்தான் வெவ்வேறு சொற்களில் சொல்கின்றன: வண்டியை உயர்த்தினோம், உயர்ந்தது, அதன்பின் ஓட்ட முடியவில்லை. முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள்) கொண்ட ஜிப்ஸியும் பழைய மஹிந்திரா ஜீப்பும் வைத்திருப்பவர்கள், பின்புறம் மட்டும் பட்டை உள்ள 2020-க்கு முந்தைய தார் வைத்திருப்பவர்கள் எனப் பலரும் எழுதியிருக்கிறார்கள். சுருள் ஸ்பிரிங் வண்டிகளில் அச்சைப் பிடித்து நிறுத்தத் தனியே கைகள் உண்டு. பட்டை வண்டியிலோ சுமையைத் தாங்குவது, அச்சை இடம் பெயராமல் பிடிப்பது, பிரேக் அழுத்தும்போது ஹவுசிங் (அச்சை மூடியிருக்கும் இரும்புக் கூடு) புரளாமல் தடுப்பது ஆகிய மூன்று வேலைகளையும் அந்த ஒரே பட்டைக்கட்டுதான் செய்கிறது. ஆகையால் உயரத்தைத் தொட்டவுடன் அச்சின் சாய்வையும் சேர்த்தே தொட்டுவிடுகிறோம். கீழ்வரும் பதில்களில் அளவு நாடாவும் கோணமானியும் திரும்பத் திரும்ப வருவதற்கு அதுவே காரணம். கோணமானி இல்லாதவர்கள் கைபேசியில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியைப் பயன்படுத்தினாலும் போதும்.

கேள்வி: ஐயா, எங்களிடம் பழைய மஹிந்திரா ஜீப் ஒன்று உள்ளது. பச்சைத் தேயிலை மூட்டைகளைத் தோட்டத்திலிருந்து மேட்டுச் சாலைக்கு ஏற்றிவர வேண்டியிருப்பதால், நான்கு பக்கமும் 2 அங்குலம் கூடுதல் நீளமுள்ள ஷாக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைத்து ஊசலாடும் தட்டு) போட்டு, ஒவ்வொரு கட்டிலும் ஒரு பட்டை சேர்த்தோம். முன்பட்டையின் ஷாக்கிள் பம்பர் பக்கம் இருக்கிறது. இப்போது மேட்டுப்பாளையம் இறக்கத்தில் ஸ்டீயரிங் நேராக நிற்பதில்லை. வளைவு முடிந்தபின் தானாகத் திரும்புவதும் இல்லை. சிறு குழியில் இறங்கினாலும் ஆளைத் தூக்கிப் போடுகிறது. ஸ்டீயரிங் பாக்ஸை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
— சிறு தேயிலை விவசாயி ஒருவர், கோத்தகிரி

பதில்: இப்போது மாற்ற வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது: ஷாக்கிள் பம்பர் பக்கம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

ஷாக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வண்டி 2 அங்குலம் உயராது. பட்டையின் ஒரு முனை மட்டும் 2 அங்குலம் கீழிறங்குகிறது. மறுமுனை இருந்த இடத்திலேயே இருக்கிறது. நடுவில் உள்ள அச்சுக்குக் கிடைப்பது அதில் பாதி, அதாவது 1 அங்குலம்தான். அந்த 1 அங்குலத்துக்கு நீங்கள் கொடுத்த விலை வேறிடத்தில் இருக்கிறது. பட்டையின் இரு கண்களுக்கும் (முனைகளில் உள்ள வளையங்களுக்கும்) இடையே ஏறத்தாழ 1 மீட்டர் என்று கொள்ளுங்கள். முன்கண் 5 செ.மீ. இறங்கும்போது பட்டை முழுவதும் முன்பக்கமாக 3 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சாய்கிறது. அதன்மேல் கட்டப்பட்ட ஹவுசிங்கும் அதே அளவு முன்னால் சாய்கிறது. சக்கரம் திரும்புவதற்கு அச்சாணியாக உள்ள கிங்பின்னின் மேல்முனை சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும்; இந்தச் சாய்வைத்தான் கேஸ்டர் என்கிறோம். சைக்கிளின் முன்கவை சாய்ந்திருப்பதால் கையை விட்டாலும் அது நேராகப் போகிறது அல்லவா, அதே வேலைதான் இங்கும். உங்கள் ஜீப் போன்ற வண்டிகளில் அந்தச் சாய்வே 3 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நீங்கள் முழுவதையும் ஷாக்கிளுக்குக் கொடுத்துவிட்டீர்கள். ஸ்டீயரிங் தானாகத் திரும்பாததில் வியப்பில்லை. ஷாக்கிள் பட்டையின் பின்முனையில் உள்ள வண்டிகளில் இந்தக் கணக்குத் தலைகீழாகிவிடும். அங்கே கேஸ்டர் கூடும், டிஃபரன்ஷியலின் மூக்கு (எஞ்சின் விசையைக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் முனை) கீழே குனியும்.

சரிசெய்ய இரு வழிகள் உள்ளன. முதலாவது, பழைய ஷாக்கிளையே திரும்பப் போட்டுவிட்டு, உயரத்தைப் பட்டையின் வளைவிலிருந்து மட்டும் பெறுவது. நான் இதையே பரிந்துரைப்பேன். இரண்டாவது, ஹவுசிங்கின் இருக்கைக்கும் பட்டைக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு வைத்து ஹவுசிங்கைப் பின்னோக்கித் திருப்புவது. ஆப்பின் தடித்த பக்கம் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதை யூகத்தில் முடிவுசெய்யாமல், வைப்பதற்கு முன்னும் பின்னும் கிங்பின் மூடியின்மேல் கோணமானியை வைத்துப் பாருங்கள். ஹவுசிங்கைப் பின்னோக்கித் திருப்பும்போது முன் டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே குனியும், முன் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் மோசமாகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஃப்ரீ வீல் ஹப் (முன்சக்கரத்தை அச்சிலிருந்து விடுவிக்கும் பூட்டு) உள்ள வண்டியில் நான்கு சக்கர ஓட்டம் போடாதவரை அந்த ஷாஃப்ட் சுழலாது என்பதால் பலர் இதைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

ஸ்டீயரிங் அலைவதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கக்கூடும். ஸ்டீயரிங் பாக்ஸின் கையிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் டிராக் லிங்க், உயர்த்துவதற்கு முன் ஏறக்குறையக் கிடைமட்டமாக இருந்திருக்கும். இப்போது சரிந்து நிற்கும். சரிந்து நிற்கும் கோல் சக்கரம் மேலும் கீழும் போகும்போதெல்லாம் அதைப் பக்கவாட்டிலும் தள்ளும். எஞ்சினை நிறுத்திவிட்டு இருவர் பம்பரை அழுத்தி அழுத்தி விடட்டும். நீங்கள் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் சக்கரங்களைப் பார்க்கட்டும். சக்கரம் தலையை ஆட்டினால் இதுதான் குறை. தாழ்ந்த பிட்மேன் ஆர்ம் (ஸ்டீயரிங் பாக்ஸின் அந்தக் கை) போட்டு டிராக் லிங்க்கின் சரிவைக் குறைப்பதே தீர்வு. ஸ்டீயரிங் டேம்பர் போட்டால் நோய் மறையுமே தவிர நீங்காது.

இனி, தூக்கிப் போடுவது பற்றி. நீங்கள் சேர்த்த பட்டையின் தடிமன் என்ன என்று எழுதவில்லை. ஒரு பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். கட்டில் உள்ளவை 6 மி.மீ. பட்டைகளாக இருந்து, கடைக்காரர் கையில் கிடைத்த 8 மி.மீ. பட்டையைச் சொருகியிருந்தால், அந்த ஒன்று விறைப்பில் இரண்டு பட்டைகளுக்கும் மேலாகும். ஐந்து பட்டைக் கட்டு ஏழு பட்டைக் கட்டைவிட விறைப்பாகிவிட்டது என்று பொருள். மூட்டை ஏற்றியபின் ஓட்டம் நன்றாக இருந்து, வெறும் வண்டியில் மட்டும் தூக்கிப் போட்டால் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் பட்டையைப் பழிப்பதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனையைச் செய்யுங்கள். கண் புஷ் போல்ட்டுகளையும் ஷாக்கிள் போல்ட்டுகளையும் எப்போது இறுக்கினார்கள் என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே முழுதாக இறுக்கியிருந்தால், ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கும்போது ரப்பர் முறுக்கேறி, பட்டையோடு இன்னொரு ஸ்பிரிங் சேர்ந்ததுபோல் வேலை செய்யும். சில மாதங்களில் கிழிந்தும் போகும். சமதளத்தில் நான்கு சக்கரமும் தரையில் ஊன்றி நிற்க, எல்லாப் போல்ட்டுகளையும் தளர்த்தி, பம்பர்மேல் ஏறி நாலு முறை குதித்துவிட்டு, அதே நிலையில் மறுபடி இறுக்குங்கள். இந்த ஒரு வேலையாலேயே பாதிக் கடுமை குறைந்த வண்டிகளை என் பட்டறையில் பார்த்திருக்கிறேன்.

அப்படியே குனிந்து ஷாக்கிள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். சுமை ஏறும்போது வளைந்த பட்டை நிமிர்ந்து நீளும். அந்த நீளத்துக்கு இடம் கொடுப்பதற்காகத்தான் ஷாக்கிள் ஊசலாடுகிறது. வண்டி நிற்கும் நிலையில் அதன் கீழ்முனை பட்டையின் நடுவிலிருந்து விலகி, சற்று வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். வளைவு கூடியதால் கண்களுக்கிடையே தூரம் குறைந்து, கீழ்முனை உட்பக்கம் இழுபட்டிருந்தால், ஒவ்வொரு குழியிலும் பட்டை முதலில் ஷாக்கிளோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் வளையும். ஷாக்கிள் தட்டு சேசிஸில் இடித்து, பெயிண்ட் தேய்ந்து வெள்ளி போலப் பளபளக்கும் இடம் ஏதேனும் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கடைசியாக, பட்டை சேர்க்கும்போது கழற்றிய கிளிப்புகளை (பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் வளையங்களை) திரும்பப் போட்டார்களா? கட்டு தடித்துவிட்டதால் பழைய கிளிப் எட்டாது. அதைத் தூக்கி மூலையில் போட்டுவிடுவது நம் பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. கிளிப் இல்லையென்றால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது மெயின் பட்டை மட்டும் தனியாக அச்சின் எடையைச் சுமக்கும். ஒரு நாள் அது, பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் ஓட்டை வழியாகவே முறியும்.

கேள்வி: பின்புறம் பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் இடையே 2 அங்குல இரும்பு பிளாக் வைத்து உயர்த்தினோம். 50 கி.மீ. வேகத்தில் தரைத்தகடு அதிர்கிறது. கிராஸ் (புரொப்பல்லர் ஷாஃப்டின் முனையில் உள்ள குறுக்கு மூட்டு) மாற்றினோம், போகவில்லை. பிறகு மெக்கானிக் ஆப்பு வைத்து டிஃபரன்ஷியல் மூக்கை மேல்நோக்கித் திருப்பி, “ஷாஃப்டுக்கு நேராக்கிவிட்டேன்” என்றார். அதிர்வு இன்னும் கூடிவிட்டது. டயரைச் சந்தேகிக்கலாமா?
— மசினகுடி வாசகர்

பதில்: டயரா ஷாஃப்டா என்பதை அதிர்வின் வேகமே சொல்லிவிடும். 50 கி.மீ. வேகத்தில் உங்கள் வண்டியின் சக்கரம் நொடிக்கு ஆறு சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுழலும். டயர் பேலன்ஸ் சரியில்லையென்றால் நொடிக்கு ஆறு முறை உதறும், அதைக் கையால் எண்ணிவிடலாம்போல் இருக்கும். டிஃபரன்ஷியல் விகிதம் 4 என்று கொண்டால் புரொப்பல்லர் ஷாஃப்ட் நொடிக்கு ஏறத்தாழ 25 சுற்று சுழல்கிறது. கிராஸின் கோணத்தால் வரும் அதிர்வு ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை வரும் என்பதால் நொடிக்கு 50. அது உதறலாகத் தெரியாது. தரைத்தகட்டில் ரீங்காரமாகவும், கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி மங்கலாகவும் தெரியும். தாங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகை.

மெக்கானிக் செய்ததில் தவறு ஒன்று இருக்கிறது. அது பலரும் செய்யும் தவறு. கோணத்தில் வேலை செய்யும் கிராஸ் ஒரே சீராகச் சுழற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகமெடுத்து இருமுறை தளரும். மேல் கிராஸ் உண்டாக்கும் இந்த ஏற்றத்தாழ்வைக் கீழ் கிராஸ் எதிர்வழியில் சமன்செய்ய வேண்டும். இரண்டு கோணங்களும் சமமாக இருந்தால்தான் சமன் ஆகும். அதற்கு டிரான்ஸ்ஃபர் கேஸின் (கியர்பாக்ஸிலிருந்து விசையைப் பிரித்தனுப்பும் பெட்டியின்) ஃபிளாஞ்சும், அதாவது ஷாஃப்ட் பூட்டப்படும் தட்டும், டிஃபரன்ஷியல் ஃபிளாஞ்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். மூக்கை ஷாஃப்டை நோக்கித் திருப்பினால் கீழ்க் கோணம் குறைகிறது, மேல் கோணம் அப்படியே நிற்கிறது. மேலே 9 டிகிரி, கீழே 5 டிகிரி என்று ஆனால், அந்த 4 டிகிரி வேறுபாட்டால் ஏற்றத்தாழ்வு சமனாகாமல் வண்டிக்குள் வந்துவிடும். இந்த வேறுபாடு 1 டிகிரிக்குள் இருப்பது நல்லது. மேல்முனையில் இரட்டைக் கிராஸ் வைத்த ஷாஃப்டுக்கு மட்டுமே மூக்கை நேராகத் திருப்பும் முறை பொருந்தும். யாரோ அப்படிப்பட்ட வண்டியைப் பார்த்துவிட்டு வந்து இங்கே செய்திருக்கிறார்.

ஆகவே ஆப்பை எடுத்துவிடுங்கள். அதன்பின் கோணங்கள் சமமாகிவிடும். ஆனால் இரண்டுமே பெரியவையாக இருக்கும். 70 செ.மீ. நீளமுள்ள ஷாஃப்டின் ஒரு முனையை 5 செ.மீ. நகர்த்தினால் கோணம் 4 டிகிரி கூடும். சிறிய ஜீப்புகளில் ஷாஃப்ட் குட்டை என்பதால், நீண்ட வண்டிகள் பொறுத்துக்கொள்ளும் உயரத்தை இவை பொறுப்பதில்லை. கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை வளையங்கள் வைத்துச் சற்றுத் தாழ்த்தலாம். தாழ்த்தியபின் இரு ஃபிளாஞ்சுகளையும் மறுபடி அளந்து இணையாக்க வேண்டும். அல்லது பிளாக்கை 1 அங்குலமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், ஐந்து நிமிடத்தில் முடியும் ஒரு வேலையைச் செய்யுங்கள். கிராஸ் மாற்றியபோது ஷாஃப்டை இரண்டாகக் கழற்றியிருப்பார்கள். திரும்பச் சொருகும்போது ஒரு பல் தள்ளிச் சொருகிவிட்டால், இருபுறக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்காது; எந்த ஆப்பு வைத்தாலும் அதிர்வு போகாது. ஷாஃப்டின்மேல் ஒன்றையொன்று நோக்கும் அம்புக்குறிகள் இருந்தால் அவை நேருக்கு நேர் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கண்ணாலேயே கவைகளை ஒப்பிடலாம். கூடவே, சொருகு பகுதி எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்றும் பாருங்கள். உயர்த்தியதால் தூரம் கூடி, துருப்பிடிக்காத புதுப் பளபளப்பு நீளமாக வெளியே தெரிந்தால், உள்ளே பிடிப்பு குறைந்துவிட்டது என்று பொருள். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது கழன்றுவிடும் அபாயம் உண்டு. கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் எஞ்சின் பிடிப்பை நம்பி இறங்குகிறவருக்கு ஷாஃப்ட் கழன்றால் அந்தப் பிடிப்பும் போய்விடும். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஹவுசிங்குக்கு அடியில் இருந்த பட்டைகளை மேலே ஏற்றி வைத்து உயர்த்தியிருக்கிறோம். மஞ்சூர் பக்கம் ஏற்றத்தில் சுமையோடு கிளப்பும்போது பின்னால் “தடார்” என்று அடிக்கிறது. சில நேரம் வண்டியே துள்ளுகிறது. கிளட்ச் பிளேட் புதிது.
— குந்தா வட்டார வாசகர்

பதில்: கிளட்ச் குற்றமற்றது. சக்கரம் முன்னோக்கி உருளும்போது ஹவுசிங் அதற்கு எதிராகப் பின்னோக்கிப் புரள முயலும். அதைத் தடுப்பது பட்டை மட்டுமே. தரையிலிருந்து பட்டை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு நெம்புகோல் நீளம் அந்தப் புரட்டலுக்குக் கிடைக்கிறது. சக்கரத்தின் ஆரம் 36 செ.மீ. என்றும், பட்டை அச்சின் மையத்துக்கு 6 செ.மீ. கீழே இருந்தது என்றும் கொண்டால், முன்பு அந்த நீளம் 30 செ.மீ. மேலே ஏற்றியபின் 42 செ.மீ. அதே பட்டை, அதே எஞ்சின், ஆனால் புரட்டும் விசை 40 விழுக்காடு கூடுதல். பட்டை எஸ் வடிவில் நெளிகிறது, டிஃபரன்ஷியல் மூக்கு மேலே ஏறுகிறது, சக்கரம் ஒரு கணம் பிடிப்பை இழந்ததும் பட்டை அறைந்துகொண்டு திரும்புகிறது. தாங்கள் கேட்பது அந்த அறைதான். உயரமான பிளாக் வைத்தவர்களுக்கும் இதே கணக்கு; முன்பக்கம் பிளாக் வைக்கவே கூடாது என்பதும் இதனால்தான், பிரேக்கின் விசை அங்கே மிக அதிகம்.

உறுதிசெய்துகொள்ள, கைபேசியைச் சேசிஸில் மூக்கு தெரியும்படி கட்டிவைத்து, காணொளி எடுத்தபடி ஒரு ஏற்றத்தில் கிளப்பிப் பாருங்கள். ஆளை அடியில் அனுப்ப வேண்டாம். மூக்கு எழும்பி இறங்குவது தெளிவாகத் தெரியும்.

தீர்வு, ஹவுசிங்கின் மேலிருந்து சேசிஸ் குறுக்குச் சட்டத்துக்கு ஒரு தடுப்புக் கை வைப்பது. இதில் கவனிக்க வேண்டியது முன்முனை. அதை நேராகச் சட்டத்தில் போல்ட் போட்டுப் பூட்டினால், பட்டை மேலும் கீழும் போகும் வட்டமும் கையின் வட்டமும் ஒத்துவராமல், ஏதேனும் ஒரு வெல்டிங் பிளந்தே தீரும். முன்முனையைச் சிறு ஷாக்கிளில் தொங்கவிட வேண்டும். அப்போது கை முன்பின் நகரும், ஆனால் ஹவுசிங்கைப் புரளவிடாது. அதுவரை, குறைந்த விகிதக் கியரில் கிளட்சை மெதுவாக விட்டுக் கிளப்புங்கள்.

கேள்வி: பட்டைகளைக் கழற்றி உள்ளூரில் வளைவு ஏற்றினோம். மூன்றே மாதத்தில் ஓட்டுநர் பக்கம் 3 செ.மீ. தாழ்ந்துவிட்டது. பட்டையை மாற்றுவதா, ஒரு பக்கம் மட்டும் இன்னொரு பட்டை சேர்ப்பதா?
— பூம்பாறை, பழனி மலை

பதில்: ஒரு பக்கம் மட்டும் சேர்ப்பது வேண்டாம், நின்றால் சமமாகத் தெரியும், வளைவில் ஒரு மாதிரியும் எதிர் வளைவில் வேறு மாதிரியும் சாயும். 1 செ.மீ. வேறுபாடு என்றால் விட்டுவிடுங்கள் என்பேன். ஓட்டுநர் தனியாகவே உட்கார்ந்து ஓட்டும் வண்டி அவர் பக்கம் சற்று அமுங்குவது இயல்பு. 3 செ.மீ. இயல்பன்று.

முதலில், சாய்வு முன்னாலிருந்து வருகிறதா பின்னாலிருந்து வருகிறதா என்று பிரித்தறிய வேண்டும். சேசிஸின் முன் குறுக்குச் சட்டத்தின் சரியான நடுவில் ஒரே ஜாக்கியை வைத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைச் சற்றுத் தூக்குங்கள். அந்த ஒற்றைப் புள்ளியில் நிற்கும்போது வண்டி நேராகிவிட்டால், குறை முன்பட்டையில். சாய்வு அப்படியே இருந்தால் பின்பட்டையில். பிறகு குறையுள்ள ஜோடியை இடம் வலமாக மாற்றிப் போடுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் பட்டைதான் தளர்ந்தது, மாறாவிட்டால் சேசிஸையோ ஷாக்கிள் இருக்கையையோ பாருங்கள்.

பட்டைதான் என்று முடிவானால், எப்படி வளைத்தார்கள் என்ற கேள்வி வரும். உலையில் செந்தணலாகக் காய்ச்சி வளைத்திருந்தால் அந்தப் பட்டையில் இனி நம்பிக்கை வேண்டாம். இ.என்.45 போன்ற சிலிக்கன் கலந்த எஃகு, சூடேற்றி எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கி, பின்பு அளவான சூட்டில் பதப்படுத்தியே பட்டையாகிறது. சிவக்கச் சிவக்கக் காய்ச்சியதும் அந்தப் பதம் போய்விடும். காற்றில் ஆறவிட்டால் தளரும், தண்ணீரில் தோய்த்தால் உடையும். குளிர்ந்த நிலையில் வளைவு ஏற்றுவதே முறை. பட்டையின் உட்புறத்தில் வரிவரியாகச் சுத்தியல் தழும்பு இருந்தால் குளிரில் அடித்தது என்று அறியலாம். நீலமும் கருமையுமாகத் திட்டுத் திட்டாக இருந்தால் நெருப்பு பட்டது. ஏற்கெனவே பத்துப் பதினைந்து ஆண்டு உழைத்த பட்டையைக் குளிரில் வளைத்தாலும் நெடுநாள் நிற்காது. புதுப் பட்டை, இரண்டு பக்கமும் சேர்த்து, ஒரே கடையில், ஒரே நாளில் செய்தவையாக வாங்குங்கள்.

கேள்வி: உயர்த்தியபின் பிரேக் பிடிப்பு குறைந்ததுபோல் தோன்றுகிறது. இது மனப்பிரமையா?
— கூடலூர்

பதில்: பிரமை அன்று. சில வண்டிகளில் பின் ஹவுசிங்கையும் சேசிஸையும் இணைக்கும் ஒரு மெல்லிய கம்பி உண்டு; சுமைக்கேற்பப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அதன் மறுமுனையில் இருக்கும். வண்டியை உயர்த்தினால், சுமையே இல்லை என்று எண்ணி அது பின்பிரேக்கைக் குறைத்துவிடும். உயர்த்திய அளவுக்கு அந்தக் கம்பியின் தாங்கியை மாற்றி அமைக்க வேண்டும்.

அதைவிட முக்கியம் பிரேக் ஹோஸ். வண்டியைச் சேசிஸில் தாங்கி, நான்கு சக்கரங்களையும் முழுதாகத் தொங்கவிட்டு, முன்சக்கரங்களை இருபக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். எந்த நிலையிலும் ஹோஸ் விறைத்து நிற்கக் கூடாது. ஷாக் அப்சார்பர் மிக நீளமானதாகப் போட்டிருந்தால் தொங்கலை நிறுத்தும் வேலை ஹோஸின் தலையில் விழும். மிகக் குட்டையாக இருந்தால் ஷாக்கே தடைக்கட்டையாகி, அதன் மேல் தாங்கி பிய்ந்துவரும். வண்டி நிற்கும் நிலையில் ஷாக்கின் தண்டு ஏறத்தாழப் பாதி வெளியே தெரிவது சரியான நீளம்.

கேள்வி: பட்டைகள் கிறீச்சிடுகின்றன. பழைய எஞ்சின் ஆயில் ஊற்றலாமா?
— பந்தலூர்

பதில்: நம் ஊரில் பாட்டன் காலத்துப் பழக்கம், ஆனால் ஆயில் வழிந்து ரப்பர் புஷ்ஷை ஊதவைத்து அழிக்கிறது, சேற்றையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. தங்கள் பக்கத்துத் தென்மேற்குப் பருவமழைக்குப் பின் கட்டைக் கழற்றி, துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, கிராஃபைட் கலந்த கிரீஸை மெல்லியதாகப் பூசிக் கட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

கேள்வி: உயர்த்திய வண்டிக்குத் தகுதிச் சான்று கிடைக்குமா? சட்டம் என்ன சொல்கிறது?
— உதகை

பதில்: 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. தளர்ந்த பட்டையை அதே அளவுப் புதுப் பட்டையால் மாற்றி, இழந்த உயரத்தை மீட்பது வேறு. 4 அங்குலம் ஏற்றுவது வேறு. நம் மலைப்பாதைகளுக்கு, தளர்ந்த பட்டையைப் புதுப்பித்து உயரம் சற்றுக் கூடிய டயர் போட்டாலே பெரும்பாலும் போதும் என்பது என் கருத்து, ஏற்பவர் ஏற்கட்டும்.

கேள்வி: புதுப் பட்டை போட்டு இரண்டு வாரம் ஆகிறது. வண்டி நேராகப் போனாலும் ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது. பின்னால் வருகிறவர்கள், வண்டி நாய் நடப்பதுபோல் சாய்ந்து போகிறது என்கிறார்கள்.
— கேத்தி

பதில்: நாடா எடுத்து, வலப்பக்கம் முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை அளந்துகொள்ளுங்கள், இடப்பக்கமும் அப்படியே அளந்துகொள்ளுங்கள். இரண்டும் 1 செ.மீ.க்கு மேல் வேறுபட்டால் ஒரு பக்க ஹவுசிங் நகர்ந்துவிட்டது. ஹவுசிங்கைப் பட்டையின்மேல் நகராமல் நிறுத்துவது யு போல்ட்டின் இறுக்கம். சென்டர் போல்ட்டின் தலை இருக்கையின் குழியில் உட்கார்ந்து இடத்தைக் காட்டுகிறதே ஒழிய, பாரம் தாங்க அதற்கு வலு இல்லை. புதுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உட்காரும்போது கட்டின் தடிமன் ஒரு நூலளவு குறையும். யு போல்ட் அந்த அளவு தளரும். ஒவ்வொரு பிரேக்கிலும் ஹவுசிங் சென்டர் போல்ட்டை இடிக்கும்.

சென்ற ஆடியில் இப்படி ஒரு வண்டி என்னிடம் வந்தது. யு போல்ட்டைக் கழற்றியதும் பட்டைக்கும் இருக்கைக்கும் நடுவிலிருந்து செம்பொடியாகத் துரு கொட்டியது. இருக்கையின் முகம் கண்ணாடிபோல் தேய்ந்திருந்தது. குழிக்குள் சென்டர் போல்ட்டின் தலை மட்டும் கழன்ற பட்டன்போல் தனியாகக் கிடந்தது. உடல் இன்னும் பட்டைக்குள்ளேயே இருந்தது. அந்த நிலையில் அவர் குன்னூர் இறக்கத்தில் மேட்டுப்பாளையம்வரை இரண்டு முறை போய்வந்திருக்கிறார்.

எனவே, அளந்து பார்க்கும்வரை மலை இறங்க வேண்டாம். நகர்ந்திருந்தால் சென்டர் போல்ட்டோடு யு போல்ட்டுகள், நட்டுகள் அனைத்தையும் புதிதாகப் போடுங்கள்; ஒருமுறை முழு இறுக்கம் கண்ட யு போல்ட் நீண்டிருக்கும், திரும்பப் போட்டால் பிடிக்காது. நான்கு நட்டுகளையும் குறுக்கும் நெடுக்குமாக, சிறிது சிறிதாக, டார்க் ரெஞ்சு வைத்தே இறுக்கச் சொல்லுங்கள். 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, 500 கி.மீ.யில் மறுமுறை, அதே அளவுக்கு இறுக்கிப் பாருங்கள். இரண்டாம் முறை நட்டு நகரவில்லையென்றால் பட்டை உட்கார்ந்துவிட்டது. அதன்பிறகு டிராக் லிங்க்கைத் திருகி ஸ்டீயரிங்கை நேராக்கிக்கொள்ளலாம். முதலிலேயே அதைத் திருகினால் எல்லா வேலையையும் மறுபடி செய்ய வேண்டிவரும்.